நாட்குறிப்பில் சாப்பிட்ட மதிய உணவு

14.11.2024, வியாழன், பிற்பகல் 1.55
பொருள்: என் எடை

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மருத்துவரிடம் சென்றிருந்தேன். எடை பார்த்த செவிலியர், "ஆறு மாசத்துல ஏழு கிலோ கொறஞ்சிருக்கே, ஐயா! நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீக?" என்றார்.

நினைவுக்கு வரவில்லை. நாட்குறிப்பைக் காட்டினேன்: "1.00 மணி, மதிய உணவு."

"எழுதியிருக்கீக, சரி. சாப்பிட்டீகளா?"

அன்றன்றைய வேலைகளைக் காலையிலேயே எழுதிவிடுவது என் வழக்கம். பிறகு அதைப் படித்து, சாப்பிட்டதாகவே நம்பியிருக்கிறேன்.

மருத்துவர், "ஞாபகத்தையும் சோதிக்கணும். அடுத்த வாரம் வீட்டுல கூட இருக்கவங்களக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ராஜபாளையத்து வீட்டில் நான் ஒருவன்தான்.

ஆகவே, இனி தினமும் இரண்டு மணிக்குள் என் தட்டின் படம் இந்த முகநூல் பக்கத்தில் வரும். வராத நாளில் யாரேனும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கவும். வெறும் லைக் போதாது.

இணைப்பு:
1. இன்றைய தட்டு, சாப்பிடும் முன், 1.20.
2. அதே தட்டு, சாப்பிட்ட பின், 1.50.