அக்காவின் வெறும் தட்டு

என் கையெழுத்து நேராக நிற்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழைகளை நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். இதைக் கோயிலில் நாலு பேருக்குச் சொல்லும்படி ஒரு நேர்ஸ் கேட்டார். நாலு பேர் முன்னால் நின்று பேச என்னால் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் அக்கா சீனி வியாதியால் காலில் வந்த புண்ணோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் இருக்கிற மோர்டனில் இருந்து பஸ் பிடித்து மத்தியானத்தில் போய்ப் பக்கத்தில் இருப்பேன். அந்த வார்ட்டில் மலேசியத் தமிழ் நேர்ஸ் ஒருவர்; இதைச் சொல்லும்படி கேட்டவர் அவர்தான். அக்கா ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்பதால், தட்டைப் பார்த்த பிறகுதான் இன்சுலின் போடுவார்.

"சாப்பிடாம இந்த ஊசி போட்டா சுகர் கடகடன்னு இறங்கிடும், அண்ணே. உயிருக்கே ஆபத்து" என்று எனக்கும் சொல்லியிருந்தார்.

அன்று ஐப்பசி வெள்ளி. அக்கா விரதம். யாருக்கும் சொல்லவில்லை. காலையில் பசியில்லை என்று சமாளித்துவிட்டார்; அதனால் நேர்ஸ் ஊசியும் போடவில்லை. மத்தியானமும் அதையே சொன்னால் டொக்டர் வந்து சாப்பிட வைத்துவிடுவார் என்று பயம். சாப்பாடு வந்ததும் திரையை இழுத்துவிடச் சொன்னார்.

"நீ சாப்பிடடா."

"அக்கா, இது உங்கட..."

"சாப்பிடு எண்டுறன். வெறும் தட்டைக் கண்டால் அவையள் ஒண்டும் கேக்க மாட்டினம்."

அக்காவை மறுத்து எனக்குப் பழக்கமில்லை. மக்கரோனியை அள்ளி விழுங்கினேன். ஊசி என் நினைவுக்கே வரவில்லை.

நேர்ஸ் வந்தார். "அட, முழுசா சாப்பிட்டுட்டீங்களே!"

"ஓம் பிள்ளை, நல்ல ருசி" என்றார் அக்கா.

நேர்ஸ் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டு, கைப்பட்டியோடு ஒப்பிட்டார். இன்னொரு நேர்ஸைக் கூப்பிட்டு மருந்தின் அளவைக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. தட்டு மட்டும்தான் பொய்.

ஊசிக்காக அக்கா வயிற்றுப் பக்கம் சட்டையை விலக்கினார். நான் கூச்சத்தில் மறுபக்கம் திரும்பினேன். திரையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"சாப்பிட்டது நான்."

"என்ன அண்ணே?"

"அக்கா சாப்பிடேல்லை. விரதம். நான்தான் சாப்பிட்டனான்."

நேர்ஸின் கை நின்றது. என் மீசையைப் பார்த்தார். அதில் சீஸ் ஒட்டியிருந்தது.

"பிறந்ததில இருந்து வாய் திறக்காதவன்," என்றார் அக்கா, "இண்டைக்கெண்டு திறக்கிறான்!"

நேர்ஸ் ஊசியை அப்பால் வைத்துவிட்டு, விரலில் குத்தி இரத்தத்தில் சீனி பார்த்தார். முதல்நாள் ராத்திரி போட்ட நீண்ட நேர ஊசியால் ஏற்கெனவே குறைந்திருந்தது. வியர்க்கிறதா, நடுங்குகிறதா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

"நேற்று ராத்திரி" என்றார் அக்கா. பிறகு மெதுவாக, "கை கொஞ்சம் நடுங்குது, பிள்ளை."

"விரதம்னு சொல்லியிருந்தா நான் திட்டவா போறேன்? டாக்டர்கிட்ட கேட்டு மருந்தை மாத்தியிருப்போம்ல?"

தோடம்பழச் சாறு கொடுத்தார். "விரதத்துக்குப் பழம் பிழையில்லை" என்று தனக்கே சொல்லிக்கொண்டு அக்கா குடித்தார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. என்னோடு மட்டும் பேசவில்லை. நான் புறப்படும்போதுதான் சொன்னார்:

"நாளைக்கும் வா. வரேக்க சாப்பிட்டிட்டு வா."

இந்த வருடம் விரதம் தொடங்க முதலே அக்கா டொக்டரிடம் கேட்டுவிட்டார். டொக்டர் ஊசியின் அளவை மாற்றிக் கொடுத்தார். இன்று அக்கா பாலும் பழமும் எடுத்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனக்கு ஒரு துண்டுகூடத் தரவில்லை.

எழுதி முடித்தது: ஐப்பசிக் கடைசி வெள்ளி, பின்னேரம்.