பூட்டுப் போட்ட கித்தான்

நான் பார்த்த உத்தியோகம் அப்படி. விதை ஆய்வாளர் என்று பெயர். மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் கொட்டும் விதையைப் புரட்டிப் பார்த்து, எத்தனை சொத்தை, எத்தனை கலப்படம் என்று எழுதுவது. பத்து வருஷம் இதையே செய்தவன் பிறகு எதைப் பார்த்தாலும் குத்தூசியோடுதான் பார்ப்பான். பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார். சிரிக்காமல் போனால் நிறையக் கலந்திருக்கிறார். “மாதா கோயில்ல பாவம் கேக்கற சாமியார் மேலயே உங்களுக்குச் சந்தேகம்” என்பாள் என் மனைவி. பாவசங்கீர்த்தனத்தில் நான் ஒரு முறை சொன்னதை அவர் யாரிடமோ சொல்லிவிட்டார் என்று எனக்கு உண்மையிலேயே ஓர் எண்ணம் இருந்தது.

எண்பதுகளின் நடுவில், இந்தக் குணத்தோடு இருந்த என்னிடம் ஒரு பிளசர் வந்து சேர்ந்தது. பழைய காலத்துக் கார்களை எங்கள் பக்கம் பிளசர் என்றுதான் சொல்வோம். கோலார் தங்கவயலில் மெக்கானிக்காக இருந்த என் சித்தப்பா, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் அதை வாங்கி, முப்பது வருஷம் பிள்ளை மாதிரி வைத்திருந்து, பிள்ளையில்லாமல் செத்துப்போனவர். கரும்பச்சை நிறம். கதவில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம், அப்படியொரு மெருகு. சித்தி சாவியைக் கொடுக்கும்போது, “அவரு இதுல ஒரு கீறல் உழ உட்டதில்லப்பா” என்றாள். அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது.

நல்லம்பள்ளிக்கு வெளியே இருந்த எங்கள் வீட்டில் கார் நிறுத்த இடம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்தான் தன் களத்தின் ஓரத்தைக் காட்டினார். “வேப்பமரத்தடியில உட்டுக்க தம்பி. ராகி அடிக்கறப்ப கொஞ்சம் தள்ளிக்கலாம்.” ஐம்பது வயது விவசாயி. குடிவந்த நாளிலிருந்து என்னைத் தம்பி என்றே கூப்பிட்டவர். நான் அவரை அண்ணா என்பேன். கார் வந்த அன்று அதை மூன்று முறை சுற்றி வந்து, முன்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஆவணியில எம்பொண்ணு கல்யாணம். பொண்ணு மாப்ள இதுலதான் ஏறிப் போவணும். தருவியா தம்பி?” என்றார். பின்னால் நின்ற அந்தப் பெண் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, “நான் முன்னாடி சீட்டுலதான் உக்காருவேன்” என்றாள்.

தருகிறேன் என்றேன். வாய்தான் சொன்னது. இடம் கொடுத்ததே இதற்குத்தானா என்று மனசு அப்போதே குத்தூசியை எடுத்துவிட்டது. சந்தனக் கையோடு ஏறுவார்கள், பூச்சரத்தை ஆணி வைத்து அடிப்பார்கள், அரிசியும் மஞ்சளும் சீட்டின் இடுக்கில் போகும். சித்தப்பா முப்பது வருஷம் விழ விடாத கீறல் ஒரே நாளில் விழும்.

அவர் நிலத்தில் நான் கொட்டகை போட முடியாது. வேப்பமரத்தில் காக்கை, கீழே களத்துத் தூசி, நடுவில் கார். எனவே வெளியில் நிற்கும் வண்டிக்கு ஏற்ற கவர் ஒன்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் உரக்கடையில் கிடைத்த கெட்டிப் பிளாஸ்டிக் தாள். ஒரு ராத்திரி போர்த்திவிட்டுக் காலையில் தூக்கிப் பார்த்தால் உள்ளே முழுக்க வியர்த்திருந்தது. கடைக்காரர் “அது பனிங்க” என்றார். பனி வெளியில்தானே பெய்யும் என்று கேட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்தது தருமபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம், பெங்களூரிலிருந்து வந்த ரெடிமேட் கவர். வெள்ளிப் பூச்சு, ஓரத்தில் எலாஸ்டிக். “எல்லா வண்டிக்கும் கச்சிதமா இருக்கும் சார்” என்றார் கடைக்காரர். எல்லா மண்ணுக்கும் ஏற்ற விதை என்று யாராவது சொன்னால் நான் அந்த மூட்டைக்குத்தான் முதலில் சீல் வைப்பேன். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். தையல் வழியெல்லாம் வெளிச்சம்.

“நாலு பழைய போர்வையைத் தெச்சுப் போடுங்க, போதும்” என்றாள் மனைவி. அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

கடைசியில் சேலம் ரோட்டில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் ஒருவரிடம் போனேன். காரின் நீள அகலத்தைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். விரித்த கித்தான் துணியின் மேலேயே உட்கார்ந்து, மெழுகு தடவிய நூலால் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “எதுக்கு சார் போடறீங்க? மழைக்கா, வெயிலுக்கா, தூசிக்கா?” என்றார்.

“ஆளுக்கு” என்றேன்.

அவர் ஊசியை நிறுத்தினார். நான் விளக்கினேன். கெட்டிக் கித்தான் வேண்டும். லாரிக்குப் போடுவதுபோல ஓரம் முழுக்கப் பித்தளை வளையம் வேண்டும், ஒரு ஜாணுக்கு ஒன்று. வளையங்கள் வழியாகச் சங்கிலியைக் கோத்து, காரின் வயிற்றுக்குக் கீழே கொண்டுபோய்ப் பூட்டுப் போட்டுவிடுவேன். சாவி என்னிடம் இருக்கும்.

“லோடு கட்டற மாதிரி கேக்கறீங்களே” என்றார். “இது பெயிண்டு அடிச்ச வண்டி சார். உள்பக்கம் பழைய வேட்டித் துணி வெச்சுத் தெச்சுடறேன். வளையத்துக்கு அடியில ஒரு பட்டையும் குடுத்துடறேன். பாடிக்கும் கித்தானுக்கும் நடுவுல மெத்துனு ஏதாச்சும் இருக்கணும். காத்தும் போய் வரணும்.”

யோசித்துப் பார்த்தேன். உள்ளே துணி வைத்துத் தைத்துவிட்டால் கித்தானில் இருக்கும் ஒட்டும் ஓட்டையும் எனக்கு எப்படித் தெரியும்? பழைய லாரித் தார்ப்பாயைக் கழுவி என் தலையில் கட்டப் பார்க்கிறார். “துணியெல்லாம் வேண்டாம். மொட்டைக் கித்தான் போதும்” என்றேன். ஒரு மனிதர் தன் தொழிலில் உண்மை சொல்கிறார் என்பது எனக்கு ஏனோ தோன்றவே இல்லை. “உங்க இஷ்டம் சார்” என்று அவர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வைகாசியில் கவரைப் போட்டுப் பூட்டினேன். பக்கத்து வீட்டு அண்ணா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “சங்கிலி எதுக்கு தம்பி? இங்க யாரு வர்றா?” என்று சிரித்தார். ஏன் கேட்கிறார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கவரை விலக்கிக் காரைத் துடைப்பது வழக்கம். ஆனி மாதம் ஒரு ஞாயிறு, வலப்பக்கக் கதவின் கீழ் ஓரத்தில் ஒரு கீறலைப் பார்த்தேன். பிறைபோல் வளைந்த சின்னக் கீறல். அடுத்த வாரம் மூன்று. ஆடி பிறந்ததும் பதினொன்று, பின்பக்கமும் சேர்த்து. எல்லாம் பிறை வடிவம். கதிர் அறுக்கும் அரிவாளின் முனையை அழுத்தித் திருப்பினால் இப்படித்தான் விழும் என்று எனக்குத் தீர்மானமாகத் தோன்றியது. பூட்டு பூட்டியபடி இருந்தது. கித்தானைக் கொஞ்சம் தூக்கிக் கையை உள்ளே விட்டிருக்கிறார்கள். சங்கிலி போட்ட கோபத்தில் விட்டிருக்கிறார்கள்.

“களத்துப் பக்கம் யாராச்சும் வந்தாங்களா அண்ணா?” என்று முதல் முறை கேட்டேன். “இல்லியே” என்றார். இரண்டாம் முறை கேட்டபோது கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு, “ஏன் தம்பி?” என்றார். மூன்றாம் முறை அவரைக் காருக்குப் பக்கத்தில் கூட்டிப்போய், கீறல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். “பூட்டு எங்கிட்ட, சாவி எங்கிட்ட. களத்துக்கு உங்க வூட்டு ஆளுங்களைத் தவிர யாரும் வர்றதில்ல. எனக்கு ஒண்ணும் புரியலண்ணா” என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் குளித்து, ஈர வேட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்று, “ரெண்டு பேரும் வாங்க” என்று கூப்பிட்டார். அவர் நிலத்தின் மூலையில் முனியப்பன் கல் ஒன்று உண்டு. அதன் முன்னால் ஒரு கட்டிக் கற்பூரத்தை ஏற்றினார். “உன் வண்டியில கெட்ட எண்ணத்துல என் கையோ, எங்க வூட்டு ஆளுங்க கையோ பட்டிருந்தா என் ரெண்டு கண்ணும் அவிஞ்சு போவட்டும். இனிமேலும் படாது” என்று சொல்லி, எரியும் சுடர்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கி அணைத்தார். தோல் பொசுங்கும் வாசனை வந்தது. அவருடைய பெண் வாயைப் பொத்திக்கொண்டு வரப்பில் நின்றிருந்தாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. சத்தியம் செய்த வீடும் கேட்ட வீடும் அதன் பிறகு ஒன்றில் ஒன்று கை நனைக்கக் கூடாது. ஒருவர் வீட்டு விசேஷத்தில் இன்னொருவர் பொருள் நுழையக் கூடாது. வருஷம் ஒன்று திரும்பிய பிறகு, அதே கல்லுக்கு முன் இரண்டு பேரும் நின்று சத்தியத்தை முறித்தால்தான் மறுபடி உறவு. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர்கள் என்பதால் இது எங்களைக் கட்டாது என்று நான் நினைத்தேன். அவரைக் கட்டும் என்பதை நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் மனைவியிடம் கேட்டது, இன்றைக்கும் சொல்ல வெட்கமாக இருக்கிறது. “இடது கையால அணைச்சாரே, அது செல்லுமா?”

“அவரு வலது கையில அருவா வெட்டு. கட்டுப் போட்டிருக்கறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?” என்றாள்.

“நான் சத்தியம் பண்ணச் சொல்லவே இல்லியே.”

“வாயால கேட்டாத்தான் கேட்டதா?” அதன் பிறகு நாலு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் எனக்குக் காய்ச்சல். லீவு போட்டுவிட்டு வீட்டில் படுத்துக் கிடந்தேன். பகலில் நான் வீட்டில் இருப்பதே அபூர்வம். பதினோரு மணி இருக்கும். ஆடிக் காற்று பிடித்து அடித்துக்கொண்டிருந்தது. களத்திலிருந்து டக், டக் என்று சத்தம். காய்ச்சலோடு எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று ஓடினேன், அதைத்தான் சொல்ல வேண்டும்.

களத்தில் ஒருவரும் இல்லை. காற்று கித்தானுக்குள் புகுந்து அதை உப்ப வைத்தது. விட்டதும் கித்தான் வந்து காரின்மேல் அறைந்தது. அறையும்போதெல்லாம் பித்தளை வளையங்கள் கதவில் டக்கென்று விழுந்து, சங்கிலி இழுத்த இழுப்பில் ஒரு தேய்ப்புத் தேய்த்தன. போய்ப் பூட்டைத் திறந்தேன். ஒரு வளையத்தைப் பிடித்து ஒரு கீறலின்மேல் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது. அடுத்த கீறல், அடுத்த வளையம். ஒரு ஜாணுக்கு ஒன்று. நானே கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொடுத்த அளவு.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வளையம், சங்கிலி, தையல்காரர் துணி வைக்கச் சொன்னது, நான் மாட்டேன் என்றது. “தப்பு என்மேலதாண்ணா. மன்னிச்சிருங்க. கல்யாணத்துக்கு நானே வண்டி ஓட்டிட்டு வர்றேன்” என்றேன்.

அவர் முழுக்கக் கேட்டார். கோபமே இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “தெரிஞ்சிருச்சில்ல, அது போதும் சார்” என்றார். அவர் வாயிலிருந்து முதல் முறையாக சார் வந்தது. “ஆனா சத்தியம் பண்ணிட்டனே. வருஷம் திரும்பாம முறிக்க முடியாதுங்க. பொண்ணு வாழப் போற வூட்டுக்கு அந்தத் தோசத்தோட அனுப்ப முடியுங்களா?” பிறகு மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளங்கையில் வாழை இலையைப் பொசுக்கிக் கட்டியிருந்தார்.

கித்தானைத் தையல்காரரிடம் கொண்டுபோனேன். அவர் உள்ளே வேட்டித் துணி வைத்து, வளையங்களுக்கு அடியில் பட்டை கொடுத்துத் தைத்தார். சங்கிலியை வீட்டிலேயே விட்டிருந்தேன்.

ஆவணியில் கல்யாணம். எங்களுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. வைக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் அன்று விடியற்காலையிலேயே கவரை எடுத்துக் கீழே போட்டு, காரைக் கழுவித் துடைத்து, பெட்ரோல் ஊற்றி, முன்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். யாராவது பெரியவர் பரவாயில்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஓர் ஆசை. மத்தியானம் பெண்ணும் மாப்பிள்ளையும் களத்து வழியாக நடந்து வந்தார்கள். அவர்களுக்காக வாடகைக்குப் பிடித்த வேன் ரோட்டில் நின்றது. அந்தப் பெண் காரைத் தாண்டும்போது திறந்திருந்த முன் சீட்டை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

கடைசியாக அவர் வந்தார். மகளின் டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தவர் என் பக்கத்தில் நின்றார். ஒரு கையால் பெட்டியைப் பிடித்தபடி, காரில் பட்டுவிடாமல் தன் துண்டை இன்னொரு கையால் ஒதுக்கிக்கொண்டார்.

“மூடிருங்க சார்” என்றார். “கூட்டம் வருது. கீறல் உழுந்துரப் போவுது.”