பாதி அரக்கு

என் மகளுடைய பிறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரியில் அவள் கையில் கட்டிய நம்பர் பட்டை, முதல் மொட்டை அடித்தபோது எடுத்து வைத்த கொஞ்சம் முடி, இதெல்லாம் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் பாதி அரக்கு உருண்டை ஒன்றும் கிடக்கிறது. தபால் பார்சலில் முத்திரை வைப்பார்களே, அந்தச் சிவப்பு அரக்கு. கத்தி பட்டு நடுவில் பிளந்தது. பிளந்த இடத்தில் நூல் இழை நீட்டிக்கொண்டிருக்கும். மேலே ஒரு நங்கூரத்தின் பாதி பதிந்திருக்கும். மரக்காணத்து வெயிலில் இது உருகி சான்றிதழில் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து அடிக்கடி டப்பாவைத் திறந்து பார்ப்பேன். எனக்கு எதற்குத்தான் பயம் இல்லை? கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். ஆனால் இந்த அரக்கைப் பார்க்கும்போது மட்டும் பயம் வராது. ஒரு மனுஷன் மேல் அருவருப்பு வரும். அது உடம்புக்கு நல்லதாகவே இருக்கிறது.

அவரை நாங்கள் கேப்டன் என்று கூப்பிட வேண்டும். அப்படித்தான் உத்தரவு. அவர் எந்தக் கப்பலிலும் வேலை பார்த்ததில்லை. சென்னையில் மாமனார் வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் வாளி கம்பெனியில் முதலாளியாக உட்கார்ந்திருந்தவர். அதை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, போர்ட் பிளேரில் யாரோ வெள்ளைக்காரன் விட்டுப்போன பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். வாங்கிய அன்றைக்கே வெள்ளைத் தொப்பியும் வாங்கியிருப்பார் போல. தூங்கும்போது கழற்றினாரா என்று அவர் மனைவி, எங்கள் மேடத்துக்குத்தான் தெரியும்.

சுனாமி வந்து எங்கள் உப்பளத்து வரப்பையெல்லாம் வழித்துக்கொண்டு போன பிறகு, நான் பெரிய முதலியார்சாவடியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையலுக்குச் சேர்ந்திருந்தேன். ஏழாவதோடு படிப்பை விட்டவனுக்கு உப்பு வாரவும் தெரியும், குழம்பு வைக்கவும் தெரியும், வேறென்ன தெரியும்? கேப்டனும் மேடமும் அங்கே வந்து தங்குவார்கள். ஒருநாள் என் வஞ்சிர மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "ஏம்பா, அந்தமானுக்கு வர்றியா? தீவு தீவா போறோம். நீதான் என் க்ரூ" என்றார். க்ரூ என்றால் பத்துப் பேர் இருப்பார்கள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் நான் ஒருத்தன்தான். காலையில் மணி அடித்து "ஆல் ஹேண்ட்ஸ்!" என்று கத்துவார், கப்பலாட்கள் எல்லாரும் மேலே வரணுமாம். இட்லி மாவு பிசுக்கோடு என் இரண்டு கையும் மேலே போய் நிற்கும்.

போவதற்கு முன்னாலேயே ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் போனேன். என் சம்சாரம் அப்போது ஏழு மாதம். இது இரண்டாவது. முதல் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. ஆபரேஷன் பண்ண வேண்டும், புருஷன் வந்து கையெழுத்துப் போடட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நேரம் நான் அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். செல்போன் கிடையாது. ஆள் சைக்கிளில் வந்து கூப்பிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது கையெழுத்துக்கு அவசியம் இல்லாமல் போயிருந்தது. அதனால் இந்தத் தடவை நான் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவளுக்கும் எனக்கும் ஒரே பிடிவாதம். கெஸ்ட் ஹவுஸ் சம்பளம் போதாமல்தான் கிளம்பினேன். கேப்டன் என் தோளைத் தட்டி, "பங்குனி பொறக்கறதுக்குள்ள உன்னைக் கப்பல் ஏத்தி விடுவேன். ஜென்டில்மேன் பிராமிஸ்" என்றார். கீழ்புத்துப்பட்டில் மாமியார் வீட்டில் அவளை விட்டுவிட்டு வரும்போது, அந்த இங்கிலீஷை அப்படியே அவளிடம் ஒப்பித்தேன். "அப்படின்னா என்னாங்க?" என்றாள். "சொன்னா செய்வாராம்" என்றேன்.

தீவுகள் அழகுதான், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த அழகை அவர் பார்த்த விதம் இருக்கிறதே! சுனாமியில் வீடு போன ஜனங்கள் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கொட்டகை போட்டோவில் விழாமல் இருக்க, என்னைத் தென்னை ஓலை பிடித்து மறைத்துக்கொண்டு நிற்கச் சொல்வார். "மனுஷன் கால் படாத பீச்சுப்பா இது" என்பார். அவர் சொல்லும்போதே கொட்டகையிலிருந்து ஒரு அம்மா குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஜனங்கள் வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு, "என்னா சிம்பிள் லைஃப்! நமக்குத்தான் குடுத்து வைக்கல" என்று மேடத்திடம் பெருமூச்சு விடுவார். எனக்கு வாய்க்குள் எச்சில் ஊறும். துப்ப முடியாமல் விழுங்கிக்கொள்வேன்.

அரக்கு விஷயத்துக்கு வருகிறேன். படகில் டீசல் இஞ்சின் இருந்தது. காற்று இல்லாவிட்டால் அதை வைத்து ஓட்டலாம். ஆனால் கேப்டனுக்கு ஒரு சபதம். சென்னையில் அவருடைய கிளப்பில், காற்றை மட்டும் நம்பித் தீவெல்லாம் சுற்றுவேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அதற்கு அத்தாட்சியாக, கிளம்பும் அன்று இஞ்சினின் கியர் கம்பியை நடுவில் நிறுத்தி, பக்கத்துக் கம்பியோடு சேர்த்து நூலால் கட்டி, அரக்கு உருக்கி ஊற்றி, தன் மோதிரத்தில் இருந்த நங்கூரத்தை அழுத்தி முத்திரை வைத்தார். பெரிய பந்தயங்களில் இப்படித்தான் செய்வார்களாம். இவரோடு யார் பந்தயம் கட்டினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கிளப்பிலும் தெரிந்திருக்காது.

மாசி கடைசியில், போர்ட் பிளேருக்குத் திரும்புகிற வழியில் காற்று நின்றது. பாய் ஈரத்துணி மாதிரி தொங்கியது. கடல் எங்கள் பாத்தியில் கட்டி நிறுத்திய தண்ணீர் போல அசையாமல் கிடந்தது. பாத்தியிலாவது சும்மா நின்றால் உப்பு விளையும். தூரத்தில் ஒரு தீவு நீலமாகத் தெரிந்தது. மறுநாளும் அதே தீவு, அதே நீலம். பங்குனி பிறந்தது. நான் தண்ணீர் டிரம்மைத் தட்டிப் பார்ப்பேன், அரிசியைப் பார்ப்பேன், வானத்தைப் பார்ப்பேன், மறுபடி டிரம்மைத் தட்டுவேன்.

கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "சார், இஞ்சின் போட்டா ராத்திரிக்குள்ள போயிடலாமே. வீட்ல நாள் நெருங்கிடுச்சு சார்."

"இஞ்சின் போட்டா இது படகு இல்லப்பா, பஸ்" என்றார். "கடல் அவசரப்படாது. நீயும் அவசரப்படாதே. உங்க ஊர்ல பொம்பளைங்க வயல்லயே பெத்துட்டு சாயங்காலம் களை எடுக்கப் போவாங்களாமே?"

இதைச் சொன்னவருக்குச் சாயங்காலம் ஆனால் கிளாஸில் ஐஸ் வேண்டும். ஐஸ் பெட்டி பேட்டரியில் ஓடும். பேட்டரி ஏற இஞ்சின் ஓட வேண்டும். அதனால் வெயில் இறங்கியதும் சாவியைத் திருகுவார். இஞ்சின் தடதடவென்று ஓடும். கியர் கட்டிக் கிடப்பதால் படகு ஓர் அடி நகராது. "சார்ஜ் ஏத்தறது ரூல்படி தப்பில்ல" என்று விளக்கம் வேறு. என் உள்ளங்கால் வரைக்கும் அந்த இஞ்சின் அதிரும். புகை வரும், டீசல் எரியும், ஐஸ் உறையும். தீவு அதே இடத்தில் இருக்கும். அந்த ஐஸை எடுத்து நான்தான் கிளாஸில் போட வேண்டும். வாழ்க்கையில் எத்தனையோ பேருக்குப் பரிமாறியிருக்கிறேன். அந்தக் கிளாஸைப் போல் ஒன்று என் கையில் கனத்ததில்லை.

மேடம் பேசாத மனுஷி. எப்போதும் ஒரு புத்தகம், ஒரு கறுப்புக் கண்ணாடி. ஒருநாள் காலை நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "வெங்காயமா, வேற ஏதாவதா?" என்று கேட்டார். முதல் குழந்தையின் கதையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு நேராகப் போய் அந்த முத்திரையின் மேலேயே வைத்து அழுத்தினார். அரக்கு இரண்டாகப் பிளந்து நூல் அறுந்தது.

கேப்டன் ஓடி வந்தார். "என்ன பண்ணிட்டே தெரியுதா? இத்தனை தீவு, ஒரு சொட்டு டீசல் இல்லாம வந்திருக்கேன்!"

"டீசல்தான் தினம் உங்க கிளாஸுக்குப் போயிட்டிருக்கே" என்றார் மேடம். "அதையே கொஞ்சம் படகுக்குக் குடுங்க." கியரைத் தள்ளியதும் அவர்தான். படகு உடம்பைக் குலுக்கிக்கொண்டு கிளம்பியது. கேப்டன் கோபித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். மேடமும் நானும் மாறி மாறிச் சக்கரத்தைப் பிடித்தோம். கீழே கிடந்த அரக்குத் துண்டு இரண்டையும் நான் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கென்று அப்போது தெரியாது. அது கையில் இருந்தால் படகு நிற்காது என்று ஒரு நினைப்பு, அவ்வளவுதான்.

துறைமுகம் கண்ணுக்குத் தெரிந்ததும் கேப்டன் தொப்பியோடு எழுந்து வந்தார். இஞ்சினை நிறுத்தச் சொன்னார். கொஞ்சம்போல அடித்த காற்றுக்குப் பாயை ஏற்றினார். என்னிடம் மெழுகுவத்தி கேட்டார். புது நூல், புது அரக்கு, அதே மோதிரம். முத்திரை ஆறியதும் கேமராவை என் கையில் கொடுத்து, "சீல் க்ளியரா விழணும், பாத்து எடு" என்றார். மேடம் மறுபடி கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். அந்த அம்மாவுக்கு நான் கடன்பட்டவன். இருந்தாலும் அந்தப் புத்தகத்தைப் பிடுங்கிக் கடலில் போடலாம் போல இருந்தது.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்தேன். மாமியார் வந்து பேசினார். "என்னா மாப்ள, தீவெல்லாம் பாத்து முடிச்சாச்சா? பொண்ணு பொறந்திருக்குது." பிறகுதான் மீதியைச் சொன்னார். நான் கெஞ்சிய அன்றைக்குச் சாயங்காலமே வலி கண்டிருக்கிறது. மறுபடி ஆபரேஷன், மறுபடி கையெழுத்து. என் தம்பி மரக்காணத்திலிருந்து பஸ் பிடித்துப் பாண்டிச்சேரி வந்து சேரும்வரை, என் சம்சாரம் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். போனை வைத்துவிட்டு நினைத்துப் பார்த்தேன். அவள் வாசலைப் பார்த்துக் கிடந்த அந்தச் சாயங்காலம் இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஐஸ் உறைந்துகொண்டிருந்தது.

வெயில் காலம் முடிவதற்குள் கேப்டன் பெரிய முதலியார்சாவடிக்கு வந்தார். கெஸ்ட் ஹவுஸ் புல்தரையில் வெள்ளைத் துணி கட்டி, நண்பர்களைக் கூப்பிட்டுத் தீவுப் படங்களைப் போட்டுக் காட்டினார். பழையபடி அங்கேயே சமையலுக்குச் சேர்ந்திருந்த நான் பஜ்ஜித் தட்டோடு நின்றேன். "உனக்குப் பையனா, பொண்ணா?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் இன்னொருவர் பக்கம் திரும்பிவிட்டார். கடைசிப் படமாக முத்திரை வந்தது, நான் எடுத்த படம். கைதட்டினார்கள். "இந்த சீலை நான் உடைக்கவே இல்ல. ஏம்பா, நீ கூட இருந்தவன், சொல்லு!" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு. "கேப்டன் உடைக்கல சார்" என்றேன். அது உண்மைதானே? மறுபடி கைதட்டல். "இவனுக்கு ஒரு பஜ்ஜி குடுங்கப்பா" என்று யாரோ சொல்ல, சிரிப்பு. அவர் கிளாஸை நீட்டினார். உள்ளே எடுத்துப் போய் ஐஸ் போட்டேன். ஐஸுக்கு அடியில், சட்டைப் பையில் அன்றைக்கென்றே கொண்டுவந்திருந்த அரக்கில் ஒரு பாதியையும் போட்டேன். கொண்டுவரும்போது பாதி வழியில் திரும்பிவிடலாமா என்று நின்றேன். ஆனால் கொடுத்துவிட்டேன்.

பேசிக்கொண்டே குடித்தார். பாதி கிளாஸில் அது உதட்டில் இடித்தது. விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். பாதி நங்கூரம். என்னைப் பார்த்தார். "ஐஸ் போதுமா சார்?" என்றேன். அந்த ஈரத் துண்டை, யாருக்கும் காட்டாமல், வெள்ளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சட்டையில் சிவப்பாக ஒரு கறை இறங்கியது. அதோடு அவர் அன்றைக்குக் கடலைப் பற்றி எதுவும் பேசவில்லை.

போன மாதம் என் மகள் காலேஜுக்குச் சான்றிதழ் தேடி இந்த டப்பாவைத் திறந்தாள். அரக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "என்னாப்பா இது? பாதிதான் இருக்குது, மீதி எங்க?"

"நீ பொறந்த நேரத்துல ஐஸ் கேட்ட ஆள்கிட்ட இருக்குது" என்று சொல்லி, டப்பாவை வாங்கி மூடினேன். இரண்டு தடவை அழுத்திப் பார்த்துத்தான் மூடினேன்.