ஹம்பேர்க்கில் நான் பார்க்காதவர்

கலியாணத்துக்கு முந்தின வருடம் ஆறு மாதம் ஜேர்மனியில் இருந்தேன். நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. வருகிறவர்களில் பாதிப்பேர் ஜேர்மன்காரர் என்பதால் மொழி படித்துவர முதலாளி என்னை அனுப்பினார்.

புறப்படுவதற்கு முதல்நாள் பக்கத்து வீட்டு மாமி ஒரு பொட்டலத்தோடு வந்தார். அவருடைய ஒரே மகன் கப்பல் வேலைக்குப் போய், ஹம்பேர்க்கில் இறங்கி, அங்கே ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தார். ஏழு மாதமாகக் கடிதம் இல்லை. மாதா கோயில் பங்குச் சுவாமியைக் கொண்டு அந்த ஊர்ச் சுவாமிமாருக்கு எழுதி விசாரிக்க மாமி யோசித்திருந்தார். நான் போகிறேன் என்றதும் அதை விட்டுவிட்டார். கண்ணால் கண்டு வந்து சொல்ல நான் இருக்கும்போது கடிதம் எதற்கு என்றார். பொட்டலத்தில் பாரைக் கருவாடு. கோதுமை மா வந்த துணிப்பையில் வைத்துத் தைத்திருந்தார்.

விடுதியில் என்னோடு ஒரு கிரேக்கப் பெண் இருந்தாள். முதல் நாளே மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைக் காட்டினாள். பொட்டலத்தைக் கயிற்றில் கட்டி வெளியே தொங்கவிட்டேன். இரண்டு மாதம் அது குளிரில் ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு சனி, ஞாயிறு எங்கள் வகுப்பை ஹம்பேர்க்குக்குக் கூட்டிப்போனார்கள். பொட்டலத்தை அவிழ்த்துக் கையில் எடுத்தேன். ரயிலில் மணக்கும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று வெட்கமாக இருந்தது. முதலில் ஆளைப் பார்ப்போம், இதைத் தபாலில் அனுப்பலாம் என்று திரும்பவும் கட்டிவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணித்தியாலம் எங்கள் இஷ்டத்துக்கு விட்டார்கள். விலாசம் கைப்பையில் இருந்தது. மற்றவர்கள் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும் படகுக்குப் போனார்கள். நானும் போனேன். தனியே தெருத் தேடப் பயம் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிவந்தேன். பயத்தைவிட ஆசைதான் கூட. மூதூருக்கு லோஞ்சுப் படகில் போய்வந்ததைத் தவிர எங்கள் துறைமுகத்தையே நான் சுற்றிப் பார்த்ததில்லை. படகில் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன், படம் எடுத்தேன். இறங்கியபோது ரயிலுக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. ஒரு பொலிஸ்காரரிடம் விலாசத்தைக் காட்டினேன். நேரே போய் இரண்டாவது தெருவில் இடப்பக்கம் திரும்பச் சொன்னார், பத்து நிமிட நடை என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்கு விளங்காமல் போகவில்லை. வகுப்புக்கு வெளியே அப்படி விளங்கியது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தை மற்றவர்களிடம் சொல்ல வேண்டுமென்று ஸ்டேசனுக்கு ஓடினேன்.

தபாலிலும் அனுப்பவில்லை. விடுதியில் ஆட்கள் இல்லாத ஞாயிறுகளில் அந்தக் கருவாட்டை ஒவ்வொரு துண்டாகச் சுட்டு நானே தின்றேன்.

ஊருக்கு வந்த அன்று பின்னேரமே மாமி வந்துவிட்டார். கதிரையில்கூட இருக்கவில்லை.

"கண்டனியோ பிள்ளை?"

"ஓம் மாமி, கண்டனான்."

"மெலிஞ்சு போனானோ?"

"இல்லை. நல்லா இருக்கிறார். கொஞ்சம் வெளுத்திருக்கிறார்."

"கருவாடு?"

"தந்த உடனே மணந்து பார்த்தவர்."

மாமி சிரித்தார். "அவனுக்கு எங்க போனாலும் மூக்குத்தான் முன்னுக்கு."

காணவில்லை என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் ஏலாமல் போயிற்று. நான் சொன்னதை நம்பி மாமி பிறகும் விசாரிக்கச் சொல்லிப் பங்குச் சுவாமியிடம் போகவில்லை.

மூன்று வருடம் கழித்து மகன் திரும்பி வந்தார். அப்போது என் மகளுக்கு நான்கு மாதம். பிள்ளை பார்க்க வந்தவர், என் கணவர் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போன நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"நீங்கள் வந்து கண்டதாக அம்மா எழுதினவ. அந்த நேரம் நான் நெஞ்சு வருத்தத்தில ஆஸ்பத்திரியில கிடந்தனான். பதினொரு மாதம். கடையில கேட்டிருந்தா இடம் சொல்லியிருப்பினம்."

ஆஸ்பத்திரிக்கு யாராவது பார்க்க வந்தார்களா என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ தெரியாது.

"ஒருத்தரும் வரேல்லை," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு, "கருவாடு?" என்றார். தின்றுவிட்டேன் என்றேன். ருசியாக இருந்ததா என்று கேட்டுச் சிரித்தார், சிரிப்பில் இருமல் வந்தது. "அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ. நான் வருத்தமாக் கிடந்தது அவவுக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்கமாட்டா."

சொல்ல வேண்டாமென்று அவர் கேட்டிருக்காவிட்டால் மாமியிடம் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்க விருப்பம்.

இப்போது ஹோட்டலுக்குப் போகும் நாட்களில் மகளை மாமிதான் பார்த்துக்கொள்கிறார். போன கிழமை பிள்ளைக்குச் சாடையான காய்ச்சல். வேலையால் வந்து நான் படலையைத் திறக்கும்போதே மாமி தன் வீட்டு வாசலில் நின்று சொன்னார், காய்ச்சல் விட்டுவிட்டது, பால் குடித்துவிட்டு நல்ல நித்திரை, நீ முகம் கழுவித் தேத்தண்ணி குடித்துவிட்டு வா என்று. செருப்போடேயே மாமியின் அறைக்குள் ஓடினேன். நெற்றியைத் தொட்டேன், நெஞ்சில் கை வைத்தேன், மூச்சைக் கேட்டேன். மாமி சொன்னபடியேதான் பிள்ளை இருந்தாள். பிறகும் கையை எடுக்க மனம் வரவில்லை.

பின்னால் வந்த மாமி என் கையைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, நான் சொன்னா நம்பமாட்டியோ?"

நம்புவேன் மாமி என்றேன். மகளைத் தூக்காமல், மாமியைத் திரும்பியும் பார்க்காமல், அப்படியே இருந்தேன்.