அஷ்டமியை வியாழனாக்கியவன்

டேவிட் நிரபராதி. அந்தச் சர்டிபிகேட்டைக் கெடுத்தவன் நான்.

பேப்பருக்கு அனுப்ப எழுதிவிட்டேன். பேச்சில் இது வரவில்லை... வாய்வரை வந்து திரும்பிப் போனது. ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய பிழை பின்னால் வருகிறது.

டேவிட் என் மருமகன். சிலிம் ரிவர் பக்கத்துப் பையன். மலாய்ப் பள்ளியில் படித்தவன். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. அதனால்தான் தைரியமாகத் தமிழில் எழுதுகிறேன். பார்த்தீர்களா... ஒப்புக்கொள்வதிலும் கோழைத்தனம்!

ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டில் லாரி டயர் கடையில் எனக்கு வேலை. மனைவி பார்வதி. ஒரே மகள் கலா. கைபேசிக்குச் செயலி செய்வது அவள் தொழில். கோலாலம்பூரில், எங்கள் பேச்சில் கே.எல்., இருந்த கம்பெனியை விட்டுவிட்டு, சொந்தமாகச் செய்கிறேன் என்று வீட்டுக்கு வந்தாள். முன்கூடத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய கனமான மேசைக் கணினி. கூட்டாளியாக டேவிட். அப்போது அவன் எங்களுக்கு யாரும் இல்லை. ஈப்போவில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். காலையில் மோட்டாரில் வருவான், 'மோர்னிங் அங்கிள்' என்பான். நான் தலையாட்டுவேன். அவ்வளவுதான் உறவு.

கலாவுக்குக் கிடைத்த முதல் வேலை பீடோர் அருளப்பனுடையது. பள்ளி வேன் ஓட்டுகிறவர். வேன் எங்கே வருகிறது என்று பெற்றோர் கைபேசியில் பார்க்க வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை பீடோர் மண்டபத்தில் பெற்றோரைக் கூட்டி அதைக் காட்டப்போவதாக அவர் சொல்லிவிட்டார். அவர்களுக்குப் பிடித்தால் வேலை கலாவுக்கு. பிடிக்காவிட்டால்...

“மறுபடியும் கே.எல். போயிருவேன்ப்பா,” என்றாள் கலா.

பார்வதி அழுதாள். நான் அழவில்லை. கடைக்குப் போனேன். அன்று ஒரே டயரை இரண்டு தரம் கழற்றினேன்.

சர்டிபிகேட் என்றால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் டேவிட்டைக் கேட்டேன். அபூர்வமாகக் கேட்டேன், அவன் மகிழ்ந்துபோனான். செயலி செய்து முடித்தால் போதாதாம். செய்தது இன்னார்தான் என்று அதன்மேல் கையொப்பம் விழ வேண்டுமாம். அந்தக் கையொப்பத்துக்குக் கைபேசிக் கம்பெனி தரும் அத்தாட்சிதான் சர்டிபிகேட். எந்தக் கைபேசியில் ஓடலாம் என்று தனியாக ஓர் அனுமதிச் சீட்டும் உண்டு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கைபேசி உள்ளே விடாது.

“நம்ம எஸ்டேட் கேட்டுல ஜாகா நிப்பாரே, அது மாதிரிதான் அங்கிள். பாஸ் இல்லன்னா மொதலாளி மவனா இருந்தாலும் நிறுத்திருவாரு.”

புரிந்தது. புரிந்தும் செய்தேன்! அதுதான் கேவலம்.

பழைய சர்டிபிகேட்டுக்கு ஆயுள் முடியப்போகிறது என்று திங்கட்கிழமை புதிதாக ஒன்று எடுத்தார்கள். மறுநாள் செவ்வாய். அருளப்பனுக்காகக் கடைசிப் பதிப்பில் கையொப்பம் போட வேண்டிய நாள். நான் லீவு போட்டேன். பார்க்க அதில் என்ன இருக்கிறது... ஆனாலும் போட்டேன்.

காலையிலேயே பார்வதி நாள்காட்டிக்கு முன் நின்றாள்.

“செவ்வாக்கெழம. அதுலயும் அஷ்டமி! இன்னிக்கா லா புது வேல ஆரம்பிப்பாங்க?”

“ம்மா, அஷ்டமிக்காக அருளப்பன் அங்கிள் மீட்டிங்க மாத்துவாரா? சும்மா இருங்கம்மா,” என்று கலா குளிக்கப் போனாள்.

பார்வதி என்னைப் பார்த்தாள். எதையாவது செய்யுங்கள் என்கிற பார்வை. முப்பது வருடமாக அந்தப் பார்வைக்கு நான் டயர் கடைக்குப் போய்விடுவேன். அன்று லீவு. போக இடமில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் பிறந்தது பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அங்கே நேரம் என்பது தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியார் அடிக்கச் சொல்லும் மணி. தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் அடிப்பார்கள். கிராணியாரின் கடிகாரம் வேகமாக ஓடும் ஜாதி. ஆகவே தோட்டமே வேகமாக ஓடியது. விடியலில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆள் கூடுவதும், பால் வெட்டப் போவதும், பிள்ளை பிறந்த நேரம் குறிப்பதும் அந்த மணிக்குத்தான். என் ஜாதகமே அந்த மணிக்குக் கணித்ததுதான்! ரப்பர் மரம் ஒன்றும் கேள்வி கேட்கவில்லை. பால் வந்தது.

ஆக, தலைமைக் கடிகாரம் சொல்வதுதான் நேரம். இப்படித்தான் என் மூளை வளர்ந்தது. குற்றம் என் மூளையா, கிராணியாரா? கிராணியார் இறந்துவிட்டார். நான் இருக்கிறேன்.

கணினியின் எதிரே உட்கார்ந்தேன். தேதியை எப்படி மாற்றுவது என்று என் கைபேசியில் கலாவே காட்டிக்கொடுத்திருந்தாள். இதிலும் அதே மாதிரிதான். கடவுச்சொல் கேட்டது. எங்கள் நாயின் பெயர். வீட்டில் எல்லாருக்கும் தெரியும், நாய்க்கும் தெரியும். போன வியாழன் வளர்பிறைத் திருதியை, அருமையான நாள். தேதியை அங்கே கொண்டுபோய் வைத்தேன். மணியைத் தொடவில்லை. மணியை மாற்றினால் கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா? திரை மூலையில் மணி மட்டும்தான் தெரியும். தேதியைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது என்று கலா மறைத்து வைத்திருந்தாள்.

எழுந்தேன். மகளுக்கு ஒரு நல்ல நாள் கொடுத்தேன் என்று நெஞ்சு நிறைந்தது! பார்வதியிடம்கூடச் சொல்லவில்லை. செய்த நல்லதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று ஒரு பெருமை வேறு...

டேவிட் வந்தான். 'மோர்னிங் அங்கிள்.' தலையாட்டினேன். கலா ஏதோ தட்டினாள். சிவப்பாக ஒரு செய்தி வந்தது.

“என்னா லா இது? சர்டிபிகேட் செல்லாதுங்குது.”

டேவிட் எட்டிப் படித்தான். “எக்ஸ்பயர் ஆவல கலா. இன்னும் ஆரம்பிக்கவே இல்லையாம்!”

“பைத்தியமா அதுக்கு? நேத்துதானே எடுத்தோம்!”

“கடியாரம் சரியா இருக்கா பாரு.”

கலா மூலையைப் பார்த்தாள். கைபேசியைப் பார்த்தாள். “டான்னு இருக்கு.”

நான் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. கணினிக்கு இன்று போன வியாழன். சர்டிபிகேட் பிறந்தது திங்கள். பிறக்காத பிள்ளையிடம் கையொப்பம் கேட்டால் எப்படிப் போடும்?

அப்போதே சொல்லியிருக்கலாம். 'நான்தான் மாற்றினேன்.' இரண்டே சொல். ஏன் சொல்லவில்லை? நானே என்னைப் பலமுறை கேட்டுவிட்டேன். ஒரு காரணம்தான் இருக்கிறது... வெட்கம். அந்தப் பையனுக்கு முன்னால் என் மகள் என்னைப் பார்த்துச் சிரிப்பாளே என்கிற வெட்கம்.

அவர்கள் எழுந்து போனால் நானே சரிசெய்துவிடுவேன் என்று நினைத்தேன். அவர்கள் எழவில்லை. புதிதாக இன்னொன்று எடுத்தார்கள். அது இன்னும் இளைய பிள்ளை. அதுவும் செல்லவில்லை. அனுமதிச் சீட்டை மாற்றினார்கள். பழையபடி சிவப்பு.

“சமையக்கட்டுல குரங்கு,” என்றேன்.

எங்கள் பக்கத்தில் சுண்ணாம்பு மலையிலிருந்து குரங்கு வருவது உண்டு. அன்று ஒன்றுகூட வரவில்லை.

“வெரட்டுங்கப்பா!” என்றாள் கலா, திரும்பாமல்.

இல்லாத குரங்கை விரட்டினேன். தட்டைத் தட்டி, சூ சூ என்று கத்தி... பார்வதி என்னைப் பார்த்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துவிட்டு, வெங்காயம் நறுக்கினாள்.

அதற்குள் முன்கூடத்தில் டேவிட்டின் குரல். “கலா, எங்கயோ சிக்கிக்கிச்சு. பழசு புதுசு எல்லாத்தையும் கேன்சல் பண்ணிட்டு மொதல்லேர்ந்து எடுப்போம்.” “நிச்சயமாவா?” “நான் பண்றேன், தள்ளு.” அழுத்தினான்.

எல்லாச் சர்டிபிகேட்டும் ரத்து. மறுபடி எடுத்த புதியதும் செல்லவில்லை.

அப்போதுதான் என் இரண்டாவது குற்றம். பழைய ரேடியோக் கடிகாரம் கரண்டு போனால் எல்லாவற்றையும் மறந்து பன்னிரண்டைக் காட்டும் அல்லவா? இதுவும் நான் வைத்த தேதியை மறந்துவிடும் என்று நம்பினேன். கொல்லைப்புறம் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன்.

“அலாமாக்!” என்று இரண்டு பேரும் சேர்ந்து அலறியது கேட்டது.

ஏற்றினேன். கணினி விழித்தது. எதையும் மறக்கவில்லை, நான் வைத்த வியாழனை அப்படியே வைத்திருந்தது. கலா சேமிக்காமல் வைத்திருந்த வேலைதான் போயிற்று.

“அஷ்டமி!” என்று கரண்டியோடு வந்து நின்றாள் பார்வதி. “நான் சொன்னேன்ல? கரண்டே போயிருச்சு பாரு! ஏன் தம்பி, கேன்சல் பண்றதுக்கு முன்னாடி பெரியவங்கள ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?”

பெரியவர் நான். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு மேல் அருளப்பன் கூப்பிட்டார். அவர் குரல் கைபேசிக்கு வெளியேயும் கேட்டது. “யம்மா கலா! போன வாரம் போட்டுக் குடுத்த டிரையல் இருந்துச்சுல்ல, அதுவும் செத்துப்போச்சு லா! தொறந்தா மூடிக்கிது! சாயங்காலம் நான் பேரன்ட்ஸுக்கு என்னாத்தக் காட்டுவேன், என் மூஞ்சியவா?”

பழைய சர்டிபிகேட்டை ரத்து செய்ததால் அதன் கையொப்பத்தில் ஓடியதும் நின்றுவிட்டது. டேவிட்டின் முகம் வெளுத்துப்போனது. கலா கார் சாவியை எடுத்தாள். நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்றாள். கணினியைத் தூக்கிப்போக முடியாது. இரண்டு பேரும் போனார்கள்.

கார் முனை திரும்பியதும் உட்கார்ந்தேன். நாயின் பெயரைப் போட்டேன். தேதியைத் தானாக ஓடும்படி விட்டேன். செவ்வாய் வந்துவிட்டது. இவ்வளவுதான்! இதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு பகல் முழுக்க இரண்டு பிள்ளைகளை வறுத்தெடுத்தேன்.

இருட்டும் நேரம் திரும்பி வந்தார்கள். மண்டபத்தில் பெற்றோர் காத்திருந்து, முறுக்குத் தின்று, கலைந்து போனார்களாம். அருளப்பன் கத்தினாராம். டேவிட் முன்னால் போய் நின்று, 'கேன்சல் பண்ணது நான். கலா மேல தப்பில்ல' என்றானாம். அவர் இருவரையும் பார்த்துவிட்டு, சரி, இன்னொரு நாள் கூட்டம் வைக்கிறேன், பெண்ணே செய்யட்டும், இந்தப் பையன் கை மட்டும் இதில் படக்கூடாது என்றாராம். கலா எவ்வளவோ கெஞ்சினாளாம். அவர் அசையவில்லை.

சொல்லிக்கொண்டே கலா கணினியைத் தட்டினாள். கையொப்பம் விழுந்தது. முதல் தட்டிலேயே!

“டேவிட்! சைன் ஆயிருச்சு லா! ஒண்ணுமே பண்ணல, தானா!”

டேவிட் சிரிக்க முயன்றான். “சில நேரம் அப்படித்தான் கலா.” பிறகு என் பக்கம் திரும்பினான். கையைக் கட்டிக்கொண்டான். “மன்னிச்சிருங்க அங்கிள். உங்க வீட்டுல வந்து பெரிய தப்பு பண்ணிட்டேன்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“பரவால்ல,” என்றேன்.

மன்னித்தேன்! நான்... அவனை! தேதியை மாற்றியதைக்கூட அறியாமை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் 'பரவால்ல'வை எந்தக் கணக்கில் வைப்பது?

டேவிட் சிலிம் ரிவர் திரும்பிப் போய்க் கைபேசி ரிப்பேர்க் கடையில் சேர்ந்தான். கலாவின் வேலை நிலைத்தது. அவள் கே.எல். போகவில்லை. நான் ஆசைப்பட்டது நடந்தது, அவனுடைய இடத்தைப் பறித்து.

அஷ்டமியின் பெயரும் கெட்டது. பார்வதி இப்போது அஷ்டமியில் முடி வெட்டக்கூட விடுவதில்லை. அந்தத் திதி என்ன பாவம் செய்தது? கலா வேறு கொடுமை. தன் தொழில்காரர்களுக்கு இணையத்தில் யோசனை சொல்கிறாள்: கையொப்பம் விழாவிட்டால் மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றுங்கள், பீடோர்வரை போய் வாருங்கள், தானாகச் சரியாகிவிடும். சிலருக்குச் சரியாகியும் இருக்கிறதாம்!

மறு வருடம் டேவிட் பெண் கேட்டு வந்தான். அவன் தங்கச்சி, மாதா கோயில் பெரியவர் ஒருவர், ஒரு பழத்தட்டு. கிறிஸ்தவப் பையன் என்று பார்வதி கொஞ்சம் முறுக்கினாள். உறவுக்காரர்கள் 'சர்டிபிகேட் மாப்பிள்ளை' என்று அப்போதே பெயர் வைத்துவிட்டார்கள். நான் வழக்கம்போல் தலையாட்டினேன். அப்போது அவன் எல்லார் முன்னிலும் சொன்னான்:

“அன்னிக்கு எல்லாரும் என்னை ஏசினாங்க. மாமா மட்டும் ஒரு வார்த்த சொல்லல. பரவால்லன்னாரு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த வீட்டுலதான் கட்டணும்னு.”

பார்வதிக்குக் கண் கலங்கியது. கலா என் தோளில் சாய்ந்தாள். மாதா கோயில் பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? நான் பழத்தட்டை வாங்கிக்கொண்டேன்.

இப்போது இருவரும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். அருளப்பனுடைய வேலையில் மட்டும் டேவிட் இன்றுவரை கை வைப்பதில்லை. அவர் மறந்துவிட்டார், இவன் மறக்கவில்லை. புதுப் பதிப்பு எது வெளியிடுவதானாலும் முதல் நாளே எனக்குக் கூப்பிடுகிறான்.

“மாமா, நாள் எப்படி?”

“நல்ல நாள்தான்,” என்பேன். எந்த நாளானாலும்.

போன வாரமும் கேட்டான். நாள்காட்டியைப் பார்த்தேன். செவ்வாய், அஷ்டமி. நல்ல நாள்தான் என்றேன். மறுநாள் கூப்பிட்டு, ஒரே தட்டில் கையொப்பம் விழுந்தது மாமா, உங்க வாய் ராசி என்றான்.

இன்று சொல்லிவிடலாம்... பார்வதி கோயிலுக்குப் போயிருக்கிறாள், வீட்டில் யாரும் இல்லை, சொல்லிவிடலாம்...

“டேவிட்.”

“சொல்லுங்க மாமா.”

“சாப்ட்டியா?”

“சாப்ட்டேன் மாமா.”

“சரி,” என்று வைத்துவிட்டேன்.

இது பேப்பரில் வந்தால் கலா பார்க்கமாட்டாள், அவளுக்கு எல்லாம் கைபேசிதான். பார்வதி படிப்பாள். அவளுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை அவளுக்கு முன்னால் நான் எடுத்துக்கொள்ள வேண்டும்.