தலையோ காலோ தெரிந்தால்

படத்தில் மனிதன் எங்கே இருக்கிறான் என்று கணினிக்குக் காட்டிக்கொடுப்பது என் தொழில்.

நீங்களும் இதைச் செய்திருக்கிறீர்கள். ரயில் டிக்கெட் எடுக்கப் போனபோதோ மின்கட்டணம் கட்டப் போனபோதோ, ஒன்பது சின்னப் படங்களைக் காட்டி, பேருந்து இருப்பதையெல்லாம் தொடு, அப்போதுதான் நீ மனிதன் என்று நம்புவேன் என்று கணினி உங்களை நிறுத்தி வைத்திருக்கும். ஒரு படத்தின் ஓரத்தில் பேருந்தின் பக்கக் கண்ணாடி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தொடுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் திணறியிருப்பீர்கள். கல்கத்தாவின் சால்ட் லேக்கில், செக்டர் ஃபைவில், ஒரு மாடியில் உட்கார்ந்து நாங்கள் நாள் முழுக்கத் திணறுகிறோம். அதனால் உங்களிடம் இதையெல்லாம் சொல்லலாம்.

கட்டம்

எங்கள் வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் கார் செய்கிறார். அந்தக் காருக்கு நம் தெருக்களைப் பழக்குவதற்காக, கூரையில் கேமரா பொருத்திய வண்டியைக் கல்கத்தா முழுக்க ஓடவிட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். படத்தில் தெரியும் ஒவ்வொரு மனிதனைச் சுற்றியும் நாங்கள் ஒரு கட்டம் வரைந்து ‘மனிதன்’ என்று பெயர் கொடுக்க வேண்டும். மாட்டுக்கு, சைக்கிளுக்கு, டிராமுக்குத் தனித்தனிப் பெயர்கள். மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்த்து, தவறானதைத் திருப்பி அனுப்புவது என் வேலை.

இசக்கி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த புதுப் பையன். இதே ஊரில், லேக் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்த என் தமிழைக் கேட்டு முதல் நாள் சிரித்தான், பிறகு அக்கா என்று ஒட்டிக்கொண்டான். அவனுக்கு முதலில் வந்த படம் காளிகாட் கோவில் பக்கத்துச் சந்து, சனிக்கிழமைக் காலை. நெடுநேரம் கணினி எலியைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். என்னப்பா என்றேன்.

“எல்லாமே மனுசனால்லா இருக்கு. ரோடு எங்க தெரியுதோ அதுக்குக் கட்டம் போடச் சொல்லுங்கக்கா, சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிருதேன்.”

அசுரன்

சிலை மனிதன் அல்ல. துணிக்கடை பொம்மை மனிதன் அல்ல. சுவரொட்டியில் சிரிப்பவர் மனிதன் அல்ல. விதிகள் சுலபமானவை. ஆனால் இரண்டு புள்ளியும் கீழே ஒரு கோடும் கிடைத்தால் போதும், மூளை அதை முகம் என்று முடிவு கட்டிவிடுகிறது. விதி ஞாபகத்துக்கு வருவதற்குள் கை கட்டம் வரைந்திருக்கும். இந்த வேலைக்கு வந்த பிறகு என் வீட்டு பிளக் பாயின்ட்டுகள்கூட என்னைப் பார்க்கின்றன.

பூஜை முடிந்து துர்க்கையை ஆற்றில் கரைக்கக் கொண்டுபோகும் லாரிகள் ஒரு வாரத்துப் படங்களில் வந்தன. இசக்கி விதியை நன்றாகப் படித்திருந்தான். தேவியை விட்டுவிட்டான், அவள் பிள்ளைகளை விட்டுவிட்டான், சிங்கத்தை விட்டுவிட்டான். லாரியின் விளிம்பில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு சட்டையில்லாமல் நின்ற பையன்களுக்கு நடுவே, மார்பில் வேலோடு விழுந்து கிடந்த அசுரனுக்கு மட்டும் கட்டம் போட்டு ‘மனிதன்’ என்று எழுதியிருந்தான். நான் திருப்பி அனுப்பப் போனேன். பக்கத்து இருக்கையில் மௌசுமி. எங்கள் குழுவிலேயே கூர்மையான கண் அவளுடையது. என்னைவிட இளையவள், அக்காவுக்கு வங்காள மொழியில் தீதி, அதைச் சுருக்கி என்னை ஜெயாதி என்று கூப்பிடுவாள். எட்டிப் பார்த்தாள்.

“விடுங்க ஜெயாதி. இவ்வளவு பேர்ல அசுரனை மட்டும் மனுஷன்னு கண்டுபிடிச்சிருக்கான், அதைப் போய் எப்படித் தப்புன்னு சொல்றது?”

போர்வை

குளிர்காலத்து விடிகாலைப் படங்கள் கஷ்டமானவை. நடைபாதையில் தலைமுதல் கால்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு வரிசையாகப் படுத்திருப்பார்கள். அந்த வரிசை முடியும் இடத்தில் காய்கறி மூட்டைகள் ஆரம்பிக்கும், அவற்றுக்கும் மேலே சாக்கு போர்த்தியிருக்கும். எது வரைக்கும் மனிதர்கள், எங்கிருந்து மூட்டைகள் என்று சொல்ல முடியாது. தோள் இருக்கும் பக்கம் மேடாக இருக்கும், அதைப் பார் என்று மௌசுமி இசக்கிக்குச் சொல்லிக்கொடுத்தாள். முழங்காலை மடக்கிப் படுத்தவர்களிடம் அதுவும் பலிக்கவில்லை.

வாடிக்கையாளரிடம் கேட்டுவிடலாம் என்று படத்தோடு எழுதினோம். மரியாதையான மனிதர்கள், மறுநாளே பதில் வந்தது. குழுத் தலைவர் அதை எல்லோரும் கேட்கும்படி படித்தார்.

“நல்ல கேள்வி. தலையோ காலோ தெரிந்தால் மட்டும் மனிதன் என்று குறிக்கவும், மற்றவற்றைப் பொருள் என்று விட்டுவிடலாம்.”

எண்

வீடியோவில் ஒவ்வொரு மனிதனுக்கும் ஓர் எண் உண்டு. அவன் ஒரு பேருந்துக்குப் பின்னால் மறைந்தால், மறைவுக்குள் எங்கே நடந்துகொண்டிருப்பான் என்று ஊகித்துக் கட்டத்தை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மறுபக்கம் வெளியே வந்ததும் அதே எண்ணைக் கொடுக்க வேண்டும். இதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். உள்ளே போனவர் ஒருவர், வெளியே வருபவர் வேறொருவர். ஆனால் ஒருவர் மறைந்த கணக்குக்குச் சரியாக இன்னொருவர் வெளிப்பட்டால் கண் அவர்களை ஒரே ஆளாக்கிவிடும். அப்புறம் உடையோ உயரமோ பொருந்தாவிட்டாலும் அதற்கு ஏதாவது சமாதானம் தேடிக்கொள்ளும்.

வெள்ளைச் சீருடையில் ஒரு போக்குவரத்துக் காவலர் மினிபஸ்ஸுக்குப் பின்னால் போனார். மறுபக்கம் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் கையில் மீனோடு வெளியே வந்தார். இசக்கி இருவருக்கும் ஒரே எண் கொடுத்திருந்தான். கூப்பிட்டுக் காட்டினேன். திரையை உற்றுப் பார்த்தான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

“பஸ்ஸுக்குப் பின்னாடி வச்சு துணி மாத்திருப்பாருன்னு நெனச்சேன்க்கா.”

இன்னொரு டீ

மௌசுமிக்கு அம்மா இல்லை. அப்பாவும் அவளும் காளிகாட்டில் ஒரு மாடிப் பகுதியில் இருந்தார்கள். அவர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண் கொண்டுவந்து கொடுப்பதை மூளை ஒன்றாகச் சேர்த்துப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். மகளின் முகத்தைப் பார்த்தால் தெரியாது, குரலைக் கேட்டால் தெரியும். அதனால் அவள் வீட்டுப் படியேறும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். கத்தரிக்காய் விலை, பஸ்ஸில் நடந்த சண்டை, மழை வரும்போல் இருப்பது. அவள் பேச்சை நிறுத்தினால் அவர் முகத்தில் அந்நியரைப் பார்க்கும் மரியாதை வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். சுவரில் ஒரு மழைக்கோட்டும் அதற்கு மேலே தொப்பியும் மாட்டியிருந்தன. அப்பா அதைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். இவர் வந்து ரொம்ப நேரம் ஆகிறது, இவருக்கும் டீ கொடு என்றார். மௌசுமி இன்னொரு கோப்பையில் ஊற்றி மழைக்கோட்டுக்குக் கீழே ஒரு முக்காலியில் வைத்தாள். அவருக்கு நிம்மதியாயிற்று. அவள் என் பக்கம் திரும்பினாள்.

“ஆபீஸ்ல நீங்க ரிஜெக்ட் பண்ணுவீங்க, வீட்ல நான் பாஸ் பண்ணிடறேன்.”

சுவரொட்டி

மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், மௌசுமியின் அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் மருந்து வாங்கக் கீழே இறங்கியிருந்தாள். திரும்பி வந்தபோது அவர் இல்லை. சந்தில் இருந்த புடவைக்கடையின் கேமராவில் அவர் இருந்தார். இங்கே பஞ்சாபி என்று சொல்லும் வெள்ளை ஜிப்பா, முழங்கையில் மாட்டிய குடை, மெதுவான நடை. பூக்கடைக்கு முன்னால் நின்ற ஒரு வேனுக்குப் பின்னால் போகிறார், மறுபக்கம் வெளியே வருகிறார், மெட்ரோ இருக்கும் பெரிய தெருவைப் பார்த்து நடக்கிறார். ஒரு காலத்தில் அவர்கள் ஊரின் தெற்குக் கோடியில், கரியாவில் குடியிருந்தார்கள். வீட்டுக்குப் போகணும் என்று அவர் சொல்லும்போதெல்லாம் அந்த வீட்டைத்தான் சொல்வார். எனவே தெற்கே போகும் ரயிலில் ஏறியிருப்பார். காவல் நிலையத்தில் அப்படித்தான் நினைத்தார்கள், அக்கம்பக்கத்தில் அப்படித்தான் நினைத்தார்கள், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

காளிகாட்டுக்குத் தெற்கே ஒவ்வொரு மெட்ரோ நிலையத்தின் வெளியிலும் அவர் படத்தை ஒட்டினோம். பார்த்தேன் என்று பலர் போன் செய்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, அவரைத் தேடிய கண்ணுக்கு எல்லாக் கிழவர்களும் அவராகத்தான் தெரிந்தார்கள். டாலிகஞ்சில் இசக்கி என் கையைப் பிடித்து இழுத்து, அந்தா அக்கா என்றான். மௌசுமி ஓடினாள். லாட்டரிச் சீட்டு விற்கும் ஒருவர். முன்னாலிருந்து பார்த்தால் ஒரு சாயலும் இல்லை. மன்னிப்புக் கேட்டு விஷயத்தைச் சொன்னோம். அவர் சுவரொட்டியை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இவர் நல்லா சாப்பிட்டு வளர்ந்தவர்மா, என்னைப் போய் எப்படி இவர்னு நினைச்சீங்க?”

வேன்

வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களை எங்கள் கணினியில் ஏற்றக் கூடாது. தேடிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மதியம், குழுத் தலைவர் எங்களுக்காக ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மௌசுமி புடவைக்கடைக் காட்சியை என் திரையில் திறந்தாள். ஏற்கெனவே அவள் கட்டம் போட்டிருந்தாள். வேனுக்கு முன்னால் எண் ஒன்று, வேனுக்குப் பின்னால் ஊகக் கட்டம், மறுபக்கம் வெளியே வந்ததும் எண் ஒன்று. வரைந்த கோடுகளில் ஒரு பிசிறு இல்லை. வேலைக்குப் பார்ப்பதுபோல் பாருங்கள் என்றாள்.

படம் படமாக நகர்த்தினேன். வெளியே வந்தவரின் முழங்காலுக்குக் கீழே பூக்கூடைகள் மறைத்தன. வெள்ளை பஞ்சாபி, குடை, எல்லாம் சரி. ஆனால் அவ்வளவு மெதுவாக உள்ளே போனவர் இவ்வளவு சீக்கிரம் வெளியே வந்திருக்கக் கூடாது. பின்னால் நகர்த்தினேன். வேனின் சக்கரங்களுக்கு நடுவே தரை ஒரு பட்டையாகத் தெரிந்தது. அதில், உள்ளே போனவரின் ரப்பர் செருப்பு போட்ட இரண்டு கால்கள் வந்து நின்றன. வேன் மறைத்த இடத்தில் ஒரு குறுக்குச் சந்து, ஆதி கங்கை என்னும் கால்வாயின் படித்துறைக்கு இறங்குகிறது. அங்கிருந்து ஷூ போட்ட இரண்டு கால்கள் வந்தன, செருப்புக் கால்களைக் கடந்தன, பெரிய தெருப்பக்கம் போய் மறைந்தன. செருப்புக் கால்கள் இன்னும் கொஞ்சம் நின்றன. பிறகு சந்துப் பக்கம் திரும்பிப் பட்டையிலிருந்து விலகிப் போயின.

பெரிய தெருவுக்குப் போனவர் வேறு யாரோ. இன்னொரு முறை ஓட்டினேன். மௌசுமி திரையைப் பார்க்கவில்லை. எலியின் மேலிருந்த என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரிஜெக்ட் பண்ணுங்க, ஜெயாதி.”

கால்

படித்துறையில் பூ விற்கும் பெண்ணுக்கு நினைவிருந்தது. மழைக்கு முன்னால் ஒரு பெரியவர் கடைசிப் படியில் குடையோடு உட்கார்ந்திருந்தார், மழைக்குப் பிறகு இல்லை. அதற்கப்புறம் விசாரிக்க வேண்டிய இடங்கள் மாறிவிட்டன. ஓர் அரசு மருத்துவமனையின் பிணவறைக்கு, பெயர் தெரியாத ஒருவரைப் பார்க்க, மௌசுமியோடு இசக்கியும் நானும் போனோம். அன்றைக்கே தண்ணீரில் விழுந்திருப்பார் என்று காவலர் சொன்னார். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. முன்னால் கொஞ்சம் தெரிந்தது, பின்னால் கொஞ்சம் தெரிந்தது, நடுவில் இருந்ததைக் காவலரே வரைந்துகொண்டார். அன்றைக்கே என்றால், நாங்கள் தெற்கே வீணாக்கிய நாட்களால் அவரை இழந்ததாக ஆகாது. மௌசுமிக்கு அது வேண்டியிருந்தது. அந்தக் கட்டத்தை நான் சரிபார்க்கவில்லை.

வராந்தாவிலேயே அவள் பேச ஆரம்பித்தாள். டாக்ஸி கிடைக்கவே இல்லை என்றாள். ஹாஸ்பிடல் வாசலில் ஒரே தண்ணீர், செருப்பெல்லாம் நனைந்துவிட்டது என்றாள். இசக்கி, ஆமாம் தீதி என்றான். நான் அவன் கையைத் தொட்டு நிறுத்தினேன். அவள் எங்களிடம் பேசவில்லை.

உள்ளே வெள்ளைத் துணி தலைமுதல் கால்வரை மூடியிருந்தது. ஊழியர் வயதானவர், மெல்லிய குரல். தண்ணீரில் கிடந்த முகம், பார்க்க வேண்டாம் என்றார். கால் பக்கம் துணியை ஒதுக்கினார். இரண்டு பாதங்களிலும் பெருவிரலின் மேல் இரண்டாம் விரல் ஏறியிருந்தது. நான் மௌசுமியின் முகத்தைப் பார்க்கவில்லை. நனைந்த செருப்பில் இருந்த அவள் கால்களைப் பார்த்தேன், அங்கேயும் அப்படித்தான். அவள் பேச்சு நின்றிருந்தது. காலை மட்டும் பார்த்துச் சொன்னால் போதுமா என்று கேட்டாள். ஊழியர் துணியைப் பழையபடி இழுத்துவிட்டார்.

“போதும் தீதி, மீதியை நாங்க எழுதிக்கறோம்.”

தெரிந்த கொஞ்சத்தை வைத்துத் தெரியாத மீதியை வரைந்துகொள்ளும் இந்தக் காரியத்துக்குச் சம்பளம் தருவார்கள் என்று மட்டும் தெரிந்திருந்தால், உங்களில் ஒருவர்கூட வேறு வேலைக்குப் போயிருக்க மாட்டீர்கள்.