சாரலில் சோதித்த நாடா

வீரகேரளம்புதூரில் நான் வேலை பார்க்கும் நெசவாளர் சங்கத்துக்கு, அன்று பகல் பதினொரு மணி பஸ்ஸில் நூல் மூட்டை வந்தது. மூட்டையை இறக்கிப் போட்ட கண்டக்டர் போகிற போக்கில், "தென்காசியில மைதீன் பாய் மவுத்தாயிட்டாராம் அண்ணாச்சி. ஒங்களுக்கு வேண்டப்பட்டவருதானே?" என்றார். ஆமாம் என்றேன். திரும்பிப் போகும் அதே பஸ்ஸில் நான் ஏறியிருக்க வேண்டும். மதியம் சங்க இயக்குநர்கள் கூட்டம் ஒன்று இருந்தது. அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, பள்ளிவாசல் வாசலில் ஆட்கள் அவரவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் விஷயத்தில் நான் பிந்திப்போனது அது முதல் தடவை இல்லை. அந்த முதல் தடவையைப் பற்றித்தான் அவருக்கான இந்த நினைவு மலரில் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

மைதீன் பிச்சையை உங்களில் பாதிப் பேருக்கு நெருக்கமாகத் தெரியும். வீட்டில் இரண்டு தறி. ஒல்லி உடம்பு, கடைசி வருடங்களில் நெஞ்சுச் சளி. நான் தென்காசிச் சங்கத்தில் செயலாளராக இருந்த ஆறு வருடங்களில் அவர் நெய்து கொண்டுவந்த துணியில் குறை சொன்ன நினைவு எனக்கு அதிகமில்லை. ஆனால் பங்குனி, சித்திரையில் அவரும் மற்றவர்களைப்போலத் தலையைக் குனிந்துகொண்டுதான் துணியை மேசையில் வைப்பார். ஏன் என்பது தறியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நெய்யும்போது குறுக்கு நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டு ஓடுவது நாடா. படகு வடிவில் இருக்கும் அதன் வயிற்றுக்குள் ஒரு மரமுளை உண்டு. நூல் சுற்றிய தார்க்கட்டையை அந்த முளையில் அழுத்திச் செருக வேண்டும். மண்வெட்டிக் காம்பு கோடையில் ஆடினால் தண்ணீரில் ஊறப் போடுகிறோம் இல்லையா, அதே கதைதான் இங்கேயும். வெயில் காலத்தில் முளை காய்ந்து இளைத்துவிடும். நாடா ஓடுகிற வேகத்தில் தார் முளையிலிருந்து நழுவிக் குதிக்கும். குதித்தால் நூல் சிக்கி, பாவில், அதாவது நீளவாக்கில் கட்டிய நூலில், ஒரு கொத்து இழை அறுந்துபோகும். துணியைச் சுற்றி முளையில் திணிப்பார்கள், எச்சிலைத் தொட்டு வைப்பார்கள். அரை மணி நேரம் தாங்கும். பிறகு மறுபடியும் குதிக்கும்.

அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிகிற வேலை, அவர் வீட்டில், மனைவி கதீஜாவுடையது. அந்த அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஒரு பங்குனியில் சங்கத்துக்கு வந்த மைதீன் பிச்சை, சேதமான துணியை என் முன்னால் விரித்துவிட்டு, "தார் ஒருக்கா குதிச்சா அவளுக்கு அரை நாள் போயிருது அண்ணாச்சி. நூலு இருக்க இடம் தெரியாம வெரலால தடவித் தடவித் தேடுதா. பாத்துக்கிட்டு எப்படி இருக்க?" என்றார். "அறுந்ததை முடியுறது பெரிய காரியமில்ல, அறாம ஓட்டணும்" என்று அவர் அடிக்கடி சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தொழில் ரோஷம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது அந்த அம்மாவின் கண்ணைப் பற்றிய பேச்சு என்பது அன்றுதான் எனக்குப் பிடிபட்டது.

இதற்கு அவர் கண்ட வழி என் குடையிலிருந்து வந்தது. இதில் எனக்குப் பெருமை எதுவும் கிடையாது. மடக்க முடியாத ஒரு குடை வைத்திருந்ததுதான் நான் செய்த உபகாரம். ஒரு சாரல் நாளில் அது விரித்தபடியே சிக்கிக்கொண்டது. கதவுக்குள் நுழையாத குடையோடு நான் சங்க வாசலில் மல்லுக்கட்டுவதை, நூல் வாங்க வந்த கூட்டம் ரசித்துப் பார்த்தது. மைதீன் பிச்சை எழுந்து வந்து குடையை வாங்கினார். தண்டில் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன இரும்பு நாக்கைக் கட்டைவிரலால் அமுக்கினார், விட்டார், மறுபடி அமுக்கினார். சிக்கல் விட்டுப்போய்க் குடை மடங்கிய பிறகும் அவர் நிறுத்தவில்லை.

"அமுக்குனா உள்ள போவுது. விட்டா வெளிய வந்து பிடிச்சுக்கிடுது" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "இது ஒரு வாரம் எங்கிட்ட இருக்கட்டும் அண்ணாச்சி" என்றார்.

"மழைக்கு நான் என்ன செய்ய பாய்?"

"நனையுங்க. குத்தாலத்துத் தண்ணி, ஒடம்புக்கு நல்லது."

நனைந்தேன். குடை ஒரு வாரத்தில் வரவில்லை, ஒரு மாதம் கழித்து வந்தது. நாடாவின் முளை வந்து சேர அடுத்த கோடை ஆயிற்று. முளையை நீளவாக்கில் கீறி, அந்தக் கீறலுக்குள் வளைந்த எஃகுப் பட்டை ஒன்றைப் பதித்திருந்தார். தாரைச் செருகும்போது பட்டை அமுங்கும். செருகியபின் உள்ளேயிருந்து விம்மித் தாரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மரம் எவ்வளவு இளைத்தாலும் பட்டை விடாது. எத்தனையோ முளைகள் உடைந்து அடுப்புக்குப் போன பிறகு வந்த முளை அது. அந்தச் சித்திரை முழுக்க அவர் தறியில் தார் குதிக்கவே இல்லை. அக்கினி நட்சத்திர வெயிலில் நான் போய் உட்கார்ந்து, என் கண்ணால் பார்த்தேன். நான் பார்த்தேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். பின்னால் நான் எழுதியது தெரியாமல் எழுதியதில்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் நடந்த காலம் அது. கைத்தறிக்குப் புதுக் கருவிகளைத் தேடி எடுத்து எல்லாச் சங்கங்களுக்கும் செய்து கொடுப்பதாகச் சொன்னார்கள். நான்தான் மனு எழுதினேன். சென்னையிலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்து சோதிப்பார், வசதியான மாதத்தைத் தெரிவிக்கவும் என்று பதில் வந்தது. தென்காசிக்காரனிடம் வெளியூர்க்காரர் எப்போது வரலாம் என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? நம் வாயில் வேறு மாதம் வருமா? சாரல் காலத்தில் வாருங்கள், அருவியில் நன்றாகத் தண்ணீர் விழும் என்று எழுதிப்போட்டேன். மைதீன் பிச்சைக்கும் சந்தோஷம்தான். "பெரிய மனுசர் வாறாரு, வெயில்ல வாட்டக்கூடாதுல்லா" என்றார். வேலையை விட்டுவிட்டு விருந்தை நினைத்தோம், இரண்டு பேருமே.

அதிகாரி ஆடி மாதத்தில் குடும்பத்தோடு வந்தார். மைதீன் பிச்சை வீட்டில், பக்கத்துப் பக்கத்துத் தறிகளில் ஒன்றில் பழைய முளை, இன்னொன்றில் புது முளை. மூன்று நாள் நெய்ய வேண்டும் என்று ஏற்பாடு. முதல் நாள் காலையில் வந்து தொடங்கிவைத்துவிட்டு அவர் ஐந்தருவிக்குப் போனார். வெளியே பொசுபொசுவென்று தூறிக்கொண்டே இருந்தது. சுவரில் ஈரம், பாவில் ஈரம், முளையிலும் ஈரம். இரண்டாம் நாள் மத்தியானமே மைதீன் பிச்சைக்கு விஷயம் புரிந்துவிட்டது. பழைய முளை ஊதிப்போய்த் தாரைக் கவ்விக்கொண்டிருந்தது. அவர் கால் விட்டு உட்காரும் தறிக் குழியிலிருந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். மேலெல்லாம் வியர்த்திருந்தது.

"மரத்துக்கும் மாசம் தெரியும் அண்ணாச்சி. நமக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

மூன்றாம் நாள் மாலை அதிகாரி வந்தார். தலையில் எண்ணெய்க் குளியலின் ஈரம் இன்னும் காயவில்லை. கண் சிவந்து, முகத்தில் நல்ல தெளிவு. இரண்டு துணிகளையும் தடவிப் பார்த்தார். இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. "ரெண்டும் ஒண்ணுதானே?" என்று என்னைக் கேட்டார்.

மைதீன் பிச்சை குழியிலிருந்து ஏறி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சார், பங்குனியில ஒருக்கா வந்து பாக்கணும். அப்பந்தான் சார் தெரியும்."

"பங்குனியில குத்தாலத்துல என்ன இருக்கு? பாறைதான் இருக்கும்" என்று அதிகாரி சிரித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து, சார், மாதத்தைத் தப்பாகச் சொன்னது நான், சித்திரையில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், இந்தச் சோதனை செல்லாது என்று சொல்லியிருக்கலாம். குளிக்கத்தான் வந்தீர்கள் என்று குத்திக்காட்டுவதுபோல் ஆகிவிடுமோ என்று பயந்தேன். "ஆமா சார், ஒண்ணுதான்" என்றேன். நானும் சிரித்தேன்.

அறிக்கையை நான்தான் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். புதிய முளையால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் காணப்படவில்லை என்று ஒரே ஒரு வரி. அன்றைய கோப்புகள் எல்லாம் இங்கிலீஷ். கார் போனபிறகு மைதீன் பிச்சை கேட்டார்: "என்ன எழுதியிருக்கீய அண்ணாச்சி?"

"ரெண்டும் சமம்னு எழுதியிருக்கு பாய்."

அவர் இரண்டு துணிகளையும் எடுத்து மடித்து வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் நான் சொன்னேன்: "வருத்தப்படாதீய. வாற பங்குனியில நானே வந்து ரெண்டு தறியையும் ஓட்டிப் பாத்து, மறுபடி எழுதுதேன்."

"வந்திருவீயளா?"

"வராம?"

அந்தப் பங்குனியில் என் மகளுக்கு அம்மை. அடுத்த பங்குனிக்குள் எனக்கு வீரகேரளம்புதூருக்கு மாற்றல். அதற்குப் பிறகு காரணம்கூடத் தேவைப்படவில்லை, மறந்துபோனேன். பொய் சொல்வானேன், மறக்கவும் இல்லை. முடிந்த கோப்பைத் திறந்தால், முதலில் எழுதியது பொய் என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டும். கூச்சமாக இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அவர் அந்த முளையைச் செய்து கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அவர் தெருவில் அது ஓடியது. மற்ற ஊர்களில் நெசவாளிகள் இன்றும் எச்சிலைத் தொட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இடையில் ஒரு முறைதான் அவரைப் பார்த்தேன். ஐந்தருவியில் குளித்துவிட்டு வருகிறேன். கடை ஓரத்தில் ஒதுங்கி நின்றார். நெஞ்சுச் சளிக்காரர் ஈரத்தில் இங்கே என்ன செய்கிறீர் என்று கடிந்துகொண்டேன். யாரோ உறவுக்காரரைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். நாடாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிரியும்போது, "பங்குனியில ஒரு நா வீட்டுப் பக்கம் வாங்க அண்ணாச்சி. வெயிலுக்கு நன்னாரி சர்பத்து தாறேன்" என்றார். உபசாரம் என்று எடுத்துக்கொண்டேன். வருகிறேன் என்று அப்போதும் சொன்னேன்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து மறுபடியும் போனேன். மாசி முடிகிற சமயம். கதீஜா அம்மா இத்தாவில் இருந்தார். கணவன் இறந்த நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். அவருடைய தம்பி காசிம் என்னை உட்கார வைத்தார். இனி இந்தத் தறிகளை அவர்தான் ஓட்டப்போகிறாராம். எழுந்துபோய் இரண்டையும் பார்த்தேன். ஒரு தறியில் எஃகுப் பட்டை வைத்த முளை. இன்னொன்றில் பழைய மரமுளை, அதைச் சுற்றித் துணிக்கிழிசல்.

"தெருவுக்கே செஞ்சு குடுத்தாரு. சொந்தத் தறியில ஒண்ண ஏன் மாத்தல?" என்று கேட்டேன்.

காசிம் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்க ரெண்டையும் ஓட்டிப் பாக்க வருவீயன்னுதானே அண்ணாச்சி அதை அப்படியே வச்சிருந்தாரு. மச்சான் மாத்தவே விடலை. ரெண்டையும் மாத்திட்டா செக்கரட்டரி வந்து எதை வச்சு ஒப்பிட்டுப் பாப்பாருன்னு சொல்லுவாரு."

அப்படியென்றால் ஒவ்வொரு பங்குனியிலும் அந்தத் தறியில் தார் குதித்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா விரலால் தடவித் தடவி இழை முடிந்திருக்கிறார். யாருக்காக இதையெல்லாம் கண்டுபிடித்தாரோ, அவரையே என் ஒரு வார்த்தையை நம்பி ஏழு கோடை அந்தத் தறியில் வேலை வாங்கியிருக்கிறார். நான் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தேன்.

அறைக்குள் மெல்லிய பேச்சுச் சத்தம் கேட்டது. காசிம் போய்க் கேட்டுவிட்டு வந்து, தயங்கி நின்றார்.

"அக்கா கேக்கச் சொல்லுதா அண்ணாச்சி. பங்குனி பெறக்கப் போவுது. நீங்க பாத்தாச்சுன்னா, இனிமே அந்த முளையையும் மாத்திறலாமா?"

மாற்றிவிடுங்கள் என்றேன். காசிம் என் முன்னாலேயே நாடாவைத் தூக்கி, பழைய முளையைத் தட்டிக் கழற்றினார். அதைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். அவரை அறிந்த நீங்கள் அவருடைய நல்ல முளையை வைத்து அவரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்களுக்குப் பங்கு உண்டு. எனக்குச் சேர வேண்டியது இந்தப் பழைய முளைதான். என் மேசைமேல் இருக்கிறது. துணிக்கிழிசலை இன்னும் பிரிக்கவில்லை.